கிளாக்கா, பெரெட்டாவா: ஹூஸ்டனிலிருந்து அப்பாவுக்கு ஒரு கடிதம்

ஹூஸ்டன், டெக்சாஸ்

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் மீனா வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சென்ற வாரம் தொலைபேசியில், நான் கைத்துப்பாக்கி வாங்கப் போகிறேன் என்று சொன்னதும் அம்மா பதறிப்போனார்கள். நீங்கள் பதறவில்லை, "தவறி வெடிக்காமல் தடுக்கும் சேஃப்டி லீவரே இல்லாத பிஸ்டலை எந்த நம்பிக்கையில் கையில் எடுப்பது?" என்று மட்டும் கேட்டீர்கள். ஆயுதப்படைக் கிடங்கில் ஆயுள் முழுவதும் துப்பாக்கிகளைப் பிரித்துத் துடைத்துக் கணக்கு வைத்தவர் கேட்கும் கேள்விக்குப் போனில் அரைகுறையாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்களிடம் வேலை விசா இருந்தவரை இந்தப் பேச்சுக்கே இடமில்லை. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்வதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. கிரீன் கார்டு வந்த பிறகுதான் இங்குள்ள உள்ளரங்கச் சுடுதளத்தில் சேர்ந்தேன். உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், 4473 என்ற படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட வேண்டும், எஃப்.பி.ஐ. நடத்தும் பின்னணிச் சோதனையில் தேற வேண்டும். அவ்வளவுதான். நம் ஊரில் 9 மி.மீ. தோட்டா சுடும் பிஸ்டல் தடை செய்யப்பட்ட ரகம், பொதுமக்கள் கனவிலும் நினைக்க முடியாது. இங்கே அது எந்தக் கடையிலும் கிடைக்கும் சாதாரணச் சரக்கு. இது நல்லதா என்ற கேள்வி எனக்குள்ளும் இருக்கிறது. ஆனால் இலக்குச் சுடுதலை ஒரு விளையாட்டாகவும் பயிற்சியாகவும் கற்க நினைப்பவள் என்ற முறையில், வாங்குவதை அறிந்து வாங்க வேண்டும் என்பதே இப்போது என் கவலை.

என் முன்னே இருப்பவை இரண்டு. ஒன்று ஆஸ்திரியாவின் கிளாக் 17. மற்றொன்று இத்தாலியின் பெரெட்டா 92எஃப்எஸ். இரண்டும் முழு அளவுப் பிஸ்டல்கள், இரண்டும் 9 மி.மீ. தோட்டாவையே ஏற்பவை. கிளாக்கின் மேகசினில் (தோட்டாக்களை அடுக்கும் கூட்டில்) 17 ரவுண்டுகளும் (தோட்டாக்களும்) பெரெட்டாவின் மேகசினில் 15 ரவுண்டுகளும் கொள்ளும். சுடுதளத்தில் இரண்டையும் வாடகைக்கு எடுத்துப் பலமுறை சுட்டுப் பார்த்துவிட்டேன்.

பெரெட்டாவைப் பார்த்த மாத்திரத்தில் உங்களுக்குப் பிடித்துவிடும். அந்த நிறுவனம் 1526 முதல் குழல் செய்து வருகிறது. இந்தப் பிஸ்டலை 1985-இல் அமெரிக்க ராணுவம் எம்9 என்ற பெயரில் ஏற்று, அதுவரை பயன்படுத்திய கோல்ட் 1911-க்கு ஓய்வு கொடுத்தது. 2017-இல் சிக் சாவர் நிறுவனத்தின் பிஸ்டல் தேர்வாகும்வரை முப்பதாண்டுகளுக்கு மேல் அதுவே அவர்களின் பிஸ்டலாக இருந்தது. தொடக்க காலத்தில் சில துப்பாக்கிகளின் ஸ்லைடு (சுடும்போது பின்னுக்கு நகரும் மேற்பகுதி) விரிசல்விட்டு உடைந்ததால், உடைந்தாலும் அது பின்னால் பாய்ந்து சுடுபவரின் முகத்தில் அடிக்காதபடி சுத்தியல் போல அடிக்கும் ஹேமரின் அச்சாணியைப் பெரிதாக்கினார்கள். அந்தத் திருத்தம் பெற்றதுதான் 92எஃப்எஸ்.

நீங்கள் பணியில் பயன்படுத்திய இஷாப்பூர் 9 மி.மீ. பிஸ்டலில், பிரௌனிங் வழிமுறைப்படி, சுட்டவுடன் பாரலின் (குழலின்) பின்பக்கம் தாழ்ந்து ஸ்லைடிலிருந்து விடுபடும் அல்லவா? கிளாக்கும் அதே வழியைத்தான் பின்பற்றுகிறது. பெரெட்டாவில் பாரல் சாய்வதில்லை. நேராகப் பின்வாங்கும்போது, அடியில் உள்ள சிறு பூட்டுக்கட்டை மட்டும் கீழே இறங்கி ஸ்லைடை விடுவிக்கிறது. ஸ்லைடின் மேற்புறம் பெரும்பகுதி திறந்தே இருப்பதால் சுட்ட தோட்டாவின் காலி கேஸ் தடையின்றி வெளியே பறக்கிறது. பிரிப்பதும் எளிது: வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, இடப்பக்கக் கொக்கியைக் கீழே திருப்பினால், ஸ்லைடும் பாரலும் சேர்ந்து முன்னால் வழுக்கிக் கையில் வந்துவிடும். டிரிகரைத் தொடவே வேண்டாம்.

கிளாக்கைப் பிரிக்க வேண்டுமானால், முதலில் டிரிகரை அழுத்தியாக வேண்டும். தோட்டா அமரும் சேம்பரில் ஒரு ரவுண்டு தங்கியிருப்பதைக் கவனிக்காமல் அழுத்தினால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. "கண்ணால் பார், விரலை விட்டுத் தொட்டுப் பார், பிறகு இன்னொருவரிடம் காட்டு" என்று நீங்கள் புதுக் காவலர்களுக்குச் சொல்வீர்களே, அதைத்தான் இங்குள்ள பயிற்சியாளரும் கிளாக் எடுக்கும் ஒவ்வொரு முறையும் சொல்கிறார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கிளாக்கில் கட்டைவிரலால் தள்ளும் சேஃப்டி இல்லையே தவிர, சேஃப்டியே இல்லை என்று சொல்ல முடியாது. டிரிகரின் நடுவில் ஒரு மெல்லிய நாக்கு இருக்கிறது. விரல் அதை நேராக அழுத்தினால் ஒழிய டிரிகர் பின்னால் வராது. உள்ளே, சுடும் ஊசியை ஒரு தடுப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது. கீழே விழுந்தால் வெடிக்காதிருக்க மற்றொரு தடுப்பும் உண்டு. ஊசி முழுதாக இழுபட்டு நிற்பதில்லை. மிச்ச இழுப்பை டிரிகர்தான் முடிக்கிறது. மூன்று தடுப்புகளும் டிரிகர் அழுத்தத்தில் ஒன்றன்பின் ஒன்றாக விலகி, விரலை எடுத்ததும் தாமாகவே திரும்ப விழுகின்றன. ஆகவே துப்பாக்கி தானாக வெடிக்காது. ஆனால், விரலோ சட்டை நுனியோ டிரிகருக்குள் போனால் அதைத் தடுக்க எதுவும் இல்லை என்பதும் உண்மை. டிரிகரை முழுதாக மூடும் உறையும், சுடும் நொடி வரை விரலை வெளியே நீட்டி வைக்கும் பழக்கமும் இல்லாதவருக்கு இந்தத் துப்பாக்கி ஆகாது என்றுதான் நானும் சொல்வேன்.

பெரெட்டாவின் லீவர் உங்களுக்கு ஆறுதலாகத் தோன்றும். அதைக் கீழே தள்ளினால், நிமிர்ந்து நிற்கும் ஹேமர் வெடிக்காமல் பத்திரமாகப் படுத்துவிடும்; அதுவே சேஃப்டியும் ஆகிவிடும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள் அப்பா. உங்கள் பிஸ்டலில் லீவர் மேலே இருந்தால் சேஃப், கீழே இருந்தால் சுடலாம். பெரெட்டாவில் நேர்மாறு. தவிர, லீவர் ஸ்லைடின் மேலேயே இருப்பதால், மேலிருந்து பிடித்து வேகமாக இழுக்கும்போது கை பட்டு அது கீழே இறங்கிவிடுகிறது. எனக்கே அப்படி ஆகி, டிரிகரை அழுத்தியும் ஒன்றும் நடக்காமல் விழித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

சுடுவதில் எது சுகம் என்று கேட்டால், தயங்காமல் பெரெட்டா என்பேன். அலுமினியக் கலவை உடலுடன் அதன் எடை 950 கிராம் அளவுக்கு வரும். பாலிமர் உடல் கொண்ட கிளாக் 630 கிராம் அளவுதான். அந்தக் கூடுதல் எடை உதைப்பை வாங்கிக்கொள்வதால் குறி அதிகம் கலைவதில்லை. ஆனால் முதல் ரவுண்டுக்கு டிரிகரைச் சுமார் 5 கிலோ விசையுடன், நெடுந்தூரம் இழுக்க வேண்டும். இரண்டாவது ரவுண்டிலிருந்து ஏறக்குறைய பாதி விசை போதும். ஒரே தாளில் முதல் ஓட்டை மட்டும் இடப்பக்கம் கீழே தனியாக விழுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. என் கை உங்களுக்குத் தெரியும், அம்மாவின் கை. பெரெட்டாவின் பருத்த பிடியைப் பற்றினால், முதல் இழுப்பில் ஆள்காட்டி விரலின் நுனிதான் டிரிகரை எட்டுகிறது. எட்டிப் பிடிக்கப் பிடியைத் திருப்பினால், உதைப்பு பெருவிரல் மூட்டில் வந்து விழுகிறது. கிளாக்கில் விரலின் முதல் மடிப்பு இயல்பாக டிரிகரில் படிகிறது. முதல் ரவுண்டும் கடைசி ரவுண்டும் ஒரே அழுத்தம்.

ஆகவே கிளாக் 17 என்றே முடிவு செய்திருக்கிறேன். பெரெட்டாவின் அழகும் அதன் மென்மையான உதைப்பும் கையில் எடுக்கும்போதெல்லாம் என்னை இழுக்கின்றன. ஆனாலும் கைக்கு அடங்காத துப்பாக்கியில் நல்ல பழக்கம் வளராது. உங்கள் மாப்பிள்ளைக்குக் கை பெரிது, அவருக்குப் பெரெட்டாதான் பிடித்திருக்கிறது; அவர் சுடுதளத்திலேயே வாடகைக்கு எடுத்துச் சுடட்டும்.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: தோட்டா நிரப்பிய துப்பாக்கியை அலட்சியமாக விட்டு வைத்து, அது 17 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்குக் கிடைத்துவிட்டால் இந்த மாநிலத்தில் குற்றம். சட்டம் சொல்லாவிட்டாலும் நாங்கள் அப்படி வைக்க மாட்டோம். சுவரில் பதித்த இரும்புப் பெட்டியை முதலில் வாங்கிப் பொருத்திவிட்டோம். தோட்டாக்களுக்கு வேறொரு பூட்டுப்பெட்டி. பேரன் தூங்கும் அறை மாடியில், பெட்டி கீழே எங்கள் அறையில்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். தோட்டா கொடுப்பதற்கு முன், வெறும் துப்பாக்கியில் டிரிகர் பழக்குவதற்குக் காவலர்களுக்கு என்னென்ன பயிற்சி கொடுப்பீர்கள் என்று வரிசையாக எழுதி அனுப்புங்கள். குழல் மேல் காசு வைத்து விழாமல் அழுத்தச் சொல்வீர்கள் என்பது மட்டும் நினைவிருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் என்ன என்பது மறந்துவிட்டது. துப்பாக்கி வீட்டுக்கு வருவதற்குள் உங்கள் பதில் வந்துவிட்டால் அந்த முறையிலேயே தொடங்கிவிடுவேன்.

அம்மாவுக்கு என் அன்பு. மூட்டு வலிக்கு மருத்துவர் கொடுத்த மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
மீனா