பாடிக்கிட்டே அடிக்கச் சொன்ன வாத்தியார்

மாப்ள,

எப்படிடா இருக்க, தங்கச்சிக்கு கால்வலி பரவாயில்லையா? இங்க கிருஷ்ணகிரில மாம்பழ சீசன் முடியப் போகுது, உனக்குன்னு ஒரு கூடை செந்தூரா எடுத்து வெச்சிருக்கேன், ஓசூர்லேருந்து ஒரு நாள் வந்துட்டு போ.

ரெண்டு வாரமா ஆலன் டாசன்னு ஒரு அமெரிக்க ஜாஸ் டிரம்மரு நெனப்பாவே இருக்கேன். 1929ல பொறந்து பாஸ்டன்ல ராக்ஸ்பரி பக்கம் வளந்தவரு, 1953ல லயனல் ஹாம்ப்டன்ங்கற ஜாஸ் கலைஞரோட பேண்டுல ஐரோப்பா சுத்திட்டு வந்தாரு, அப்படியே டூர் டூரா போயிருக்கலாம், ஆனா 1957ல பாஸ்டன்ல இருக்கற பெர்க்லி மியூசிக் காலேஜுல வாத்தியாரா சேந்து 18 வருஷம் சொல்லிக்கொடுத்தாரு. 17 வயசுல மைல்ஸ் டேவிஸ்ங்கற பெரிய டிரம்பெட்காரரோட வாசிக்கப் போன டிரம்மர் டோனி வில்லியம்ஸ் இவரோட ஸ்டூடண்ட் தான்டா! அதுக்காக மேடைய விட்டாரா, இல்ல, 1968லேருந்து டேவ் புரூபெக்ங்கற பியானோக்காரருக்கு வாசிச்சிட்டே கிளாஸும் எடுத்தாரு. முதுகு பிரச்சனையால காலேஜ விட்டப்புறமும் வீட்லயே சொல்லிக்கொடுத்தாரு, 1996ல போய்ச் சேந்துட்டாரு.

அவரு முறைய கேளு. பாட்டோட மெட்ட வாய்விட்டுப் பாடணும், கை அது பாட்டுக்கு பாடத்த அடிக்கணும். அப்பதான் 32 பார்ல, அதாவது பாட்டோட 32 தாள வட்டத்துல, நாம எங்க இருக்கோம்னு தப்பாது. ஸ்டிக்க கீழ வெச்சிட்டு, கம்பி வெச்ச டிரம் பிரஷ்ல சாதகம் பண்ணச் சொல்லுவாரு, பிரஷ் ஸ்டிக் மாதிரி குதிச்சு வராது, தூக்கறதும் நம்ம மணிக்கட்டு தான்.

என்கிட்ட டிரம்ஸ் கத்துக்க காவேரிப்பட்டணத்துலேருந்து பஸ்ல வர்ற ஒரு பத்தாவது பையன், கை பேய் ஸ்பீடு, ஆனா சரணம் வந்தது கூட தெரியாம அடிப்பான். அவனுக்குப் புடிச்ச சினிமா பாட்ட பாடிக்கிட்டே அடிடான்னேன். பாடினா கை நிக்குது, அடிச்சா வாய் நிக்குது, அழுதுட்டான் பாவம். நாலாவது நாள் பல்லவிலேருந்து சரணம் வரைக்கும் பாடிக்கிட்டே வந்தான் பாரு, எனக்கு ஒடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு. அவங்க அப்பா தவில்காரரு, வாசல்ல நின்னு கேட்டுட்டு, எங்களுக்கும் தா தின்னு தாளச் சொல்லு வாயில வந்தப்புறம் தானே சார் கைக்கு வரும்னாரு.

ஆர்கெஸ்ட்ராவ விட்டுட்டு பசங்களுக்கு கிளாஸ் எடுக்கப் போறேன்னதும் கை வீணாப் போயிடும்னு பஸ் ஸ்டாண்டுல சத்தம் போட்டியே, ஞாபகம் இருக்கா? வீணாப் போகலடா. அவனுக்கு காட்டணும்னு நானும் தெனம் பாடிக்கிட்டே அடிக்கறேன், 20 வருஷமா சரியா வராத ஒரு டிரம் ரோல், அதான் விடாம உருட்டி அடிக்கறது, இப்ப சுத்தமா வருது.

வரும்போது உன் பழைய பிரஷ் ஜோடிய எடுத்துட்டு வா, அந்தப் பையனுக்கு குடுக்கணும்.