டி செல் முடிவை எந்த அளவையில் சொல்கிறீர்கள்? தடுப்பூசி ஆய்வுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவில் தடுப்பூசி ஆய்வு நடத்தும் குழுக்களுக்கு, டர்பனிலிருந்து வணக்கம்.

நான் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவள். அதனால் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருக்காரர்கள் ரத்தப் பரிசோதனைத் தாள்களை என்னிடம் கொண்டுவருவார்கள். ஆய்வுகளில் பங்கேற்ற ஒரு அத்தை சமீபத்தில் இரண்டு தாள்களை நீட்டினார். கோவிட் தடுப்பூசிக்குப் பின் டி செல்கள் (வைரஸை அடையாளம் கண்டு எதிர்க்கும் வெள்ளணுக்கள்) நன்றாக வேலை செய்கின்றன என்றது ஒன்று. போதுமான எதிர்வினை இல்லை என்றது மற்றொன்று. இரண்டிற்கும் ஒரே வாரத்தில்தான் ரத்தம் எடுத்திருந்தார்கள். "எனக்குச் சக்தி இருக்கா, இல்லையாம்மா?" என்று கேட்டார்.

இரண்டு தாளும் பொய் சொல்லவில்லை. ஒன்று எலிஸ்பாட், அதாவது எதிர்வினை காட்டும் செல்களை எண்ணும் சோதனை. மற்றது டி செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தை முழு ரத்தத்தில் அளக்கும் சோதனை. தாள்களில் அது எழுதப்படவே இல்லை.

எலிஸ்பாட்டில் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, எண்ணி, ஒவ்வொரு குழியிலும் இரண்டு லட்சம் போல ஒரே எண்ணிக்கையில் போடுகிறோம். வைரஸின் புரதத் துண்டுகளைக் கண்டு எந்தச் செல் இன்டர்ஃபெரானைச் சுரக்கிறதோ, அது இருந்த இடத்தில் ஒரு கருநீலப் புள்ளி விழும். புள்ளிகளை எண்ணினால் முடிவு. முழு ரத்தச் சோதனையில் பிரிப்பதும் இல்லை, எண்ணுவதும் இல்லை. குறிப்பிட்ட அளவு ரத்தத்தை அதே துண்டுகளோடு ஒரு இரவு வைத்து, மொத்தம் எவ்வளவு இன்டர்ஃபெரான் வந்தது என்று பார்க்கிறோம். சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ஒருவருக்கு லிம்ஃபோசைட்டுகள் (டி செல்களும் அடங்கிய வெள்ளணு வகை) குறைவாக இருந்தால் டியூபுக்குள் வரும் செல்களும் குறைவு, ஆகவே முடிவும் குறையும். எலிஸ்பாட்டில் எண்ணிக்கையை நாமே சமப்படுத்திவிடுவதால் அந்தக் குறை கண்ணில் படாது. படியில் அளந்த அரிசியையும் கிலோவில் நிறுத்த அரிசியையும் ஒரே பத்தியில் எழுதிக் கூட்டுகிற கதை இது.

எச்.ஐ.வி.யோடு பல லட்சம் பேர் வாழும் நம் நாட்டில் இதைச் சின்ன விஷயமென்று தள்ள முடியாது. எச்.ஐ.வி. தாக்கும் டி செல் வகையான சிடி4இன் எண்ணிக்கை குறைந்தவரை ஒரு சோதனை 'எதிர்வினை உண்டு' என்றும், மற்றது 'இல்லை' என்றும் சொல்லலாம். இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கான பதில்கள். எலிஸ்பாட், ஒரே எண்ணிக்கைச் செல்களில் எத்தனை எதிர்வினை காட்டுகின்றன என்று சொல்கிறது. மற்றது உடம்பில் ஓடும் ரத்தத்தில் உள்ள மொத்தப் பலத்தை ஓரளவு காட்டுகிறது. எனக்கு இரண்டும் வேண்டும்.

செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி இன்னும் நுணுக்கமானது. சிடி4, சிடி8 என்ற இரண்டு டி செல் வகைகளைத் தனித்தனியாகவும், ஒரே செல் எத்தனை சைட்டோகைன்களை (இன்டர்ஃபெரான் போன்ற சமிக்ஞைப் புரதங்களை) செய்கிறது என்றும் காட்டும். ஆனால் இயந்திரமும் பழகிய கையும் வேண்டும். செல்களை உறையவைத்து உருக்கினால் சில எதிர்வினைகள் குறைந்துபோகும் என்பதும் நமக்குத் தெரிந்ததே.

ஒரே அளவையைப் பிடித்துக்கொண்டால் எவ்வளவு தெளிவு கிடைக்கும் என்பதற்கு வெளியே போக வேண்டியதில்லை. 2021 நவம்பரில் ஒமிக்ரான் வந்தபோது கேப் டவுன் ஆய்வாளர்கள் ஒரே நபர்களின் செல்களைப் வைரஸின் மேற்புறத்தில் உள்ள ஸ்பைக் புரதத்தின் பழைய துண்டுகளோடும் புதியவற்றோடும் ஒரே முறையில் சோதித்தார்கள். ஆன்டிபாடிகள் பெரிதும் சரிந்தும், டி செல் எதிர்வினையில் 70 முதல் 80 சதவீதம் தங்கியிருந்தது என்று அதனால்தான் நம்பிக்கையோடு சொல்ல முடிந்தது.

2024இல் எம்72 காசநோய்த் தடுப்பூசியின் மூன்றாம் கட்ட ஆய்வு நம் நாட்டில்தான் தொடங்கியது. இனி வரும் எந்த ஆய்விலும் பங்கேற்பாளர்களில் ஒரு சிறு பகுதியினரின் ரத்தத்தையாவது இரண்டு முறைகளிலும் பக்கத்தில் பக்கமாகச் சோதியுங்கள். முழு ரத்த முடிவோடு அதே நாள் லிம்ஃபோசைட் எண்ணிக்கையையும் கொடுங்கள். எந்தப் புரதத் துண்டுகள், எத்தனை மணி நேரம், துண்டுகள் சேர்க்காமலே வரும் பின்னணி அளவைக் கழித்தீர்களா என்பதையும் வெளியிடுங்கள்.

அப்புறம், ரத்தம் கொடுத்தவருக்கு அனுப்பும் தாளில் சோதனையின் பெயரை எழுதுங்கள். 'எதிர்வினை இல்லை' என்றால் பாதுகாப்பே இல்லை என்று அர்த்தமல்ல, பாதுகாப்புக்கான எல்லை அளவு கோவிடுக்கு இன்னும் முடிவாகவில்லை என்பதை அதன் கீழேயே தமிழ், ஜூலு உட்பட அவரவர் மொழியில் சேருங்கள். அத்தைக்கு இதை நான் சொல்லிப் புரியவைத்தேன். சொல்ல ஆளில்லாதவர்கள் அந்தத் தாளோடு வீட்டில் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்கள்.