பத்தாம் மாடிக்கு எந்த வெள்ளரி?

அன்புள்ள மகளுக்கு,

நம் வளவு வெள்ளரியின் விதையை அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தாய். அனுப்பவில்லை. கோபிக்காதே பிள்ளை, காரணத்தைக் கேள்.

நான் இங்கே போடுவது கற்பிட்டி வெள்ளை என்ற வெள்ளரி இனம். இந்தத் திருகோணமலை உப்புவெளி மணலில் மாட்டெரு தாராளமாகப் போட்டு, மார்கழி மழை ஓய்ந்து தை பிறந்ததும் விதைத்தால் பங்குனிக்குள் பறித்து முடித்துவிடலாம். மழைக்குள் போட்டால் இலையில் மஞ்சள் புள்ளி விழுந்து கொடியே கருகிவிடும். கச்சான் என்ற வறண்ட தென்மேல் காற்று தொடங்கிய பிறகு எவ்வளவு தண்ணீர் வார்த்தாலும் கொடி தலை நிமிராது, கிணற்றிலும் உவர் ஏறிவிடும். இந்த இடத்துக்கும் இந்த மாதங்களுக்கும் பழகிய விதை அது. முற்றிப்போனதை அம்மா பால்கறி வைத்துவிடுவா, அதனால் ஒன்றும் வீணில்லை.

உன் ரொறன்ரோ பல்கனியில் அதற்குப் பெரிய இடைஞ்சல் குளிர் இல்லை, தேனீ வராததுதான். வெள்ளரியில் முதலில் ஆண் பூக்கள் வரும். அதைப் பார்த்து 'பூக்குது, காய்க்கவில்லை' என்று போன் எடுக்காதே. சில நாள் கழித்துத்தான் அடியில் குட்டிப் பிஞ்சோடு பெண் பூ வரும். மகரந்தம் ஒட்டாவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி உதிரும், அரைகுறையாக ஒட்டினால் காய் கோணலாகும். இங்கே முருங்கைப் பூவுக்கு வருகிற தேனீ வெள்ளரிக்கும் இறங்கிவிட்டுப் போகும். அங்கே பத்தாம் மாடிக்கு எந்தத் தேனீ ஏறி வரும்?

ஆகவே மகரந்தம் சேராமலே காய்க்கும் வகையை வாங்கு. விதைப் பைக்கற்றில் 'பார்த்தினோகார்ப்பிக்' என்று போட்டிருக்கும். காயில் விதையும் இருக்காது, பேரன் துப்ப வேண்டிய வேலை மிச்சம். மெல்லிய தோலுள்ள, குட்டைக் காயாகப் பார். பெயிட் அல்பா வகை அப்படித்தான், ஆனால் அதில் பழைய இனங்கள் தேனீயைத் தேடும். பெயரை நம்பாமல் அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்த்து எடு. மார்க்கெட்மோர் 76 என்று ஒன்று கண்ணில் படும். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய நல்ல இனம்தான், ஆனால் நீளக் கொடி, தேனீயும் வேண்டும். நிலம் உள்ளவர்களுக்கு அது சரி.

மே கடைசி வரை பொறு. உறைபனி நின்று, மண் 18 பாகை செல்சியசுக்கு மேல் சூடேற வேண்டும். குளிர் மண்ணில் விதை அழுகிப்போகும். ஒரு கொடிக்கு 20 லீற்றர் வாளி ஒன்று, அடியில் துளை, ஏறுவதற்குக் கயிறு. விதையை விரல் நுனியளவு ஆழத்தில் ஊன்று, அதற்குமேல் புதைக்காதே.

அப்புறம் கசப்பு. பாகலுக்குப் பக்கத்தில் நட்டால் வெள்ளரி கசக்கும் என்று இங்கே பலர் அடித்துச் சொல்வார்கள். நான் வாதாடுவதில்லை, ஆனால் அது உண்மையில்லை. கொடிக்குள்ளேயே குக்கர்பிட்டசின் என்ற கசப்புப் பொருள் இருக்கிறது. வெயிலிலும் தண்ணீர்த் தட்டுப்பாட்டிலும் கொடி தவித்தால் அது காய்க்குள் ஏறும், காம்புப் பக்கம்தான் கூடுதலாக. வாளி மண் சீக்கிரம் காயும், ஆகவே ஆடி வெயிலில் காலையும் மாலையும் தொட்டுப் பார்த்து ஊற்று. மருமகனிடம் அந்த வேலையைக் கொடுத்தால் நீதான் ஞாபகப்படுத்த வேண்டும்.

இங்கே பழ ஈக்குப் பயந்து ஒவ்வொரு பிஞ்சுக்கும் கடதாசி சுற்றுகிறேன். அங்கே அந்தத் தொல்லை இல்லை.

சீனி போட்டுச் சாப்பிட வெடிக்கிற வெள்ளரிப்பழமும் வேண்டுமென்று பேரன் கேட்டானாம். அது முலாம்பழத்தின் இனம், நீண்ட வெக்கை கேட்கும். அதற்கு அவன் இங்கேதான் வர வேண்டும்.

பல்கனியில் வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று பார்த்து எழுது. ஆறு மணி நேரத்துக்குக் குறைவென்றால் வெள்ளரியை விட்டுவிட்டுக் கீரை போடு.

அன்புடன்,
அப்பா