நம்பா கடைக்கு வழி

அன்புள்ள கண்ணுவுக்கு, அம்மா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். வாட்ஸ்அப்பில் போட்டால் நீலக் கோடு வருகிறது, பதில் வருவதில்லை. அதனால் தாளில் எழுதி, தம்பியை மெயிலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

எதிர்வீட்டு டீச்சர் மகள் கம்பெனி டிரெய்னிங்குக்காக அடுத்த மாதம் ஒசாகா வருகிறாள். அந்தக் குலுங்குகிற சீஸ் கேக் எங்கே கிடைக்கும் என்று உன்னிடம் கேட்கச் சொன்னாள். நானே சொல்லிவிட்டேன். ஒசாகாவில் நம்பா என்கிற இடத்தில், எபிசுபாஷி கடைவீதியை ஒட்டி ‘ரிக்குரோ மாமா கடை’ என்ற பெயரிலேயே ஒரு கேக் கடை. ஷின்-ஒசாகா ஸ்டேஷனிலும் உண்டு, உமேதாவில் டைமாரு என்கிற பெரிய கடைக்குள்ளும் உண்டு. டோக்கியோ போய்த் தேடாதே, அங்கே கிளை கிடையாது என்றேன். டீச்சர் வாயைப் பிளந்துவிட்டார். கிருஷ்ணகிரி ரவுண்டானாவைத் தாண்டாதவளுக்கு இவ்வளவு தெரியுமா என்று!

எல்லாம் நீ சொன்னதுதான். போன புதிதில் எவ்வளவு பேசுவாய். ஓவனிலிருந்து கேக்கை எடுத்ததும் மணி அடிப்பார்கள், கடைப் பெயரில் இருக்கிற அந்த மாமா முகத்தை மேலே சூடு போட்டு முத்திரை குத்துவார்கள், அடியில் உலர்ந்த திராட்சை இருக்கும் என்பாய். 1984-இல் வந்த கேக் என்றதும் அப்பா, அது நான் எஸ்எஸ்எல்சி எழுதிய வருஷம் என்று அதற்கும் ஒரு கதை சொன்னார். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் முகம் ஒட்டிப் போயிருந்தது.

இங்கே நானும் செய்து பார்த்தேன். முட்டை வெள்ளையைத் தனியாக நுரை பொங்க அடித்து, மெதுவாகக் கலந்து, தட்டில் வெந்நீர் ஊற்றி அதன் நடுவில் வைத்து வேகவிட வேண்டும் என்றாயே, அப்படியே. குக்கருக்குள் நன்றாகத்தான் எழும்பியது. மூடியைத் திறந்ததும் அடங்கி அடை மாதிரி ஆகிவிட்டது. அப்பா தொட்டுக்கொள்ளச் சட்னி கேட்டார்.

தோட்டத்தில் இந்த வருஷம் பூ நன்றாகப் பிடித்திருக்கிறது. மாங்கூழ் பேக்டரிக்காரர்கள் என்ன விலை கொடுப்பார்களோ தெரியவில்லை. அது கிடக்கட்டும்.

கடையில் இரண்டு வரிசை இருக்குமாமே, சுடச்சுட வருவதற்கு ஒன்று, கொஞ்சம் முன்னால் எடுத்ததற்கு ஒன்று. எதில் நிற்க வேண்டும் என்று டீச்சர் மகளுக்குத் தெரியாது. நீ கூடப் போக வேண்டும் என்று சொல்லவில்லை, உனக்கு ஆயிரம் வேலை. போனால் நல்லது. சின்னப் பெண், பாஷை தெரியாது. பத்து நிமிஷம் வரிசையில் சேர்ந்து நின்றால் போதும். நீயும் ஒரு துண்டு சாப்பிடு. வேளாவேளைக்குச் சாப்பிடு.

பர்கூர்க்காரர்கள் பேச்சை நான் எடுக்கவில்லை. அப்பாவும் எடுக்க மாட்டார். தை மாசத்தோடு அது முடிந்தது. அதற்காகத்தான் பேசாமல் இருக்கிறாய் என்றும் நான் நினைக்கவில்லை. பெற்றவர்கள் நாலு இடம் பார்க்கத்தான் பார்ப்பார்கள், அதற்கு இத்தனை மாசமா என்று உன் பெரியம்மாதான் கேட்கிறார். ஜப்பானில் தனியாக வேலை பார்க்கிற பெண் நம் சொந்தத்தில் வேறு யார் என்று நான் அவர் வாயை அடைத்துவிட்டேன்.

டீச்சர் மகளிடம் காவேரிப்பட்டணம் நிப்பட்டும் ரெண்டு கிலோ கேழ்வரகு மாவும் கொடுத்தனுப்புகிறேன். வேண்டாம் என்றால் அதையும் போன் போட்டுச் சொல். மெசேஜில் சொன்னால் கட்டிக் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
அம்மா