மண்டாயில் ஒரு கொண்டைக்காரர்

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் கிடைத்தது. பெர்த்தில் குளிர் என்கிறாய், இங்கே சிங்கப்பூரில் வழக்கம்போல் புழுக்கம்தான். முட்டிவலி பரவாயில்லை. மகனுக்கு ஈசூனில் வீடு கிடைத்துவிட்டது, சாவிதான் இன்னும் கைக்கு வரவில்லை.

நாம் பள்ளியிலிருந்து போன ஜூரோங் பறவைப் பூங்காவை 2023 ஜனவரியில் மூடிவிட்டார்கள். இப்போது எல்லாம் மண்டாயில், 'பேர்ட் பாரடைஸ்'. பேத்தியோடு போயிருந்தேன். கிங் பென்குயினைத்தான் எல்லாரும் படம் எடுக்கிறார்கள். எனக்குப் பிடித்தது வடக்கு ராக்ஹாப்பர் என்ற பென்குயின். அரை மீட்டர் உயரம் இருந்தால் அதிகம். சிவந்த கண், சிவந்த அலகு, புருவத்திலிருந்து இரண்டு பக்கமும் தொங்கும் மஞ்சள் இறகுக்குஞ்சம். பாறையில் இரண்டு காலையும் சேர்த்து வைத்துக் குதித்து ஏறும். முகத்தைப் பார்த்தால் எப்போதும் யாரிடமோ சண்டைக்கு நிற்பதுபோல இருக்கும்!

பென்குயின் என்றாலே பனிக்கட்டி என்று நினைக்கிறோம். இதன் ஊரோ தெற்கு அட்லாண்டிக்கில் டிரிஸ்டான் டா குன்யா, காஃப் தீவுகள், இந்தியப் பெருங்கடலில் ஆம்ஸ்டர்டாம், செயின்ட் பால் தீவுகள். உயரமான புல்புதர்களுக்குள் கூடு கட்டும். முட்டை இரண்டு, முதலாவது சிறியது. பெரும்பாலும் ஒரு குஞ்சுதான் தேறும்.

முன்பு ராக்ஹாப்பர் எல்லாவற்றையும் ஒரே இனமாகத்தான் எண்ணினார்கள். 2006இல் வந்த ஓர் ஆய்வு, மரபணு, குரல், குஞ்சத்தின் நீளம் எல்லாவற்றையும் வைத்து வடக்கே இருப்பது தனி இனம் என்றது. இப்போது அதன் அறிவியல் பெயர் 'யூடிப்டிஸ் மோஸ்லியை'. இதே குடும்பத்து மேக்கரோனி பென்குயினும் ராயல் பென்குயினும் ஒரே இனமா இரண்டா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. பெயருக்கு என்ன இத்தனை சண்டை என்று உன் வீட்டுக்காரர் கேட்பார். தனியாக எண்ணினால்தானே எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரியும்? வடக்கு ராக்ஹாப்பர் இன்று அழியும் ஆபத்தில் உள்ள பறவை.

இன்னொன்று கேள். 2011 மார்ச்சில் பிரேசிலிலிருந்து சோயா ஏற்றிக்கொண்டு சிங்கப்பூர் நோக்கி வந்த 'ஒலிவா' என்ற கப்பல், டிரிஸ்டானுக்குப் பக்கத்து நைட்டிங்கேல் தீவில் மோதி உடைந்தது. கப்பலிலிருந்து கசிந்த எரிபொருள் எண்ணெயில் ஆயிரக்கணக்கான ராக்ஹாப்பர்கள் நனைந்துபோயின. டிரிஸ்டான் முந்நூறு பேர்கூட இல்லாத ஊர், அங்கே நீச்சல் குளத்தையே பறவைகளுக்கு விட்டுக்கொடுத்துக் கழுவிவிட்டார்கள். அப்படியும் பெரும்பாலானவை பிழைக்கவில்லை. நாம் கடையில் வாங்கும் சோயாவுக்குப் பின்னால் இப்படியும் ஒரு வழி இருக்கிறது.

சரி, டிசம்பரில் வருகிறாயா? தேதியைச் சீக்கிரம் எழுது, பள்ளி விடுமுறையில் மண்டாய்க்கு டிக்கெட் கிடைப்பது கஷ்டம்.

அன்புடன்,
மீனா