ஜீப்பின் ‘டக்’ சத்தமும் தேய்ந்துபோன ஒரு கிராஸும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் சென்ற வாரம், பழைய ஜீப் வைத்திருக்கும் அன்பர் ஒருவர், வண்டியை எடுக்கும்போதும் ரிவர்ஸ் போடும்போதும் அடியில் ‘டக்’கென்று ஓர் அடி விழுவதாகவும், பட்டறையில் கிரவுன் பினியன் (பின்சக்கர அச்சுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடி) போய்விட்டது என்று சொல்லிப் பெருந்தொகை கேட்பதாகவும், அதனால் வண்டியை எடைக்குப் போட்டுவிடத் தீர்மானித்துவிட்டதாகவும் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஏறக்குறைய அதே சொற்களை 2024 கோடையில் நானும் கேட்டேன். அப்போது என் வண்டியில் தேய்ந்திருந்தது கிரவுன் பினியன் அல்ல. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு கிராஸ், அதாவது ஷாஃப்ட்டின் முனையில் இருக்கும் சிறு இணைப்புதான்.

நான் தண்டையார்பேட்டைக்காரன், முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என்னிடம் இருப்பது ஏலத்தில் எடுத்த ஃபோர் வீல் மகிந்திரா ஜீப். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரையிலான கடலோரச் சாலையிலேயே பெரும்பாலும் ஓடுவதால் உப்புக்காற்று அதற்குப் பழகிப்போன ஒன்று. ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் தேங்கிய வெள்ளத்தில் இரண்டு நாள் சக்கரத்தின் நடுக்குடம் வரை மூழ்கி நின்றது. தண்ணீர் வடிந்ததும் என்ஜின் ஆயில், கியர் ஆயில் எல்லாவற்றையும் மாற்றினேன். கியர்பாக்ஸிலிருந்து சக்கர அச்சுக்கு விசையைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டுக்கு மட்டும் கிரீஸ் அடிக்கவில்லை. அந்தச் சோம்பலுக்கான தண்டனை நான்கு மாதம் கழித்து வந்தது.

ஷாஃப்ட்டின் வேலையைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கியர்பாக்ஸ், வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு சேர்ந்து ஓரிடத்தில் நிற்கிறது. பின்சக்கர அச்சான ஆக்சிலோ, ஸ்பிரிங்கான கமான் பட்டையோடு மேலும் கீழும் ஆடுகிறது. இரண்டுக்கும் நடுவே சுழலும் ஷாஃப்ட் நொடிக்கு நொடி கோணம் மாறிக்கொண்டே விசையைக் கடத்த வேண்டும் என்பதற்காக, அதன் இரு முனையிலும் யுனிவர்சல் ஜாயின்ட் வைத்திருக்கிறார்கள். பட்டறைகளில் இதைக் கிராஸ் என்றே சொல்வோம். கூட்டல் குறி போன்ற நான்கு கை. ஒவ்வொரு கையிலும் ஒரு கப். கப்பின் உட்சுவரை ஒட்டி வரிசையாக ஊசி பேரிங். 17-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஊக் இந்த இணைப்பை ஆராய்ந்து எழுதியதால் பாடப்புத்தகங்களில் இது ஊக் இணைப்பு எனப்படுகிறது. மோட்டார் வண்டிக்குப் பொருந்தும்படி இதற்கு 1903-இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கரான கிளாரன்ஸ் ஸ்பைசர். ஃபோர் வீல் ஜீப்பில் முன்னும் பின்னும் ஷாஃப்ட் உண்டு என்பதால், மொத்தம் நான்கு கிராஸ், பதினாறு கப். அவற்றில் ஒரே ஒரு கப் உலர்ந்தாலும் சத்தம் வரும்.

நான் முதலில் போன பட்டறையில் வண்டியை இரண்டடி முன்னே, இரண்டடி பின்னே நகர்த்திப் பார்த்துவிட்டு, ஷாஃப்ட்டைக் கையால்கூடத் தொடாமல், 38,000 ரூபாய் ஆகும் என்றார்கள். யார் என்பதைச் சொல்வது என் நோக்கமல்ல. அந்தத் தவறு பல இடங்களில் நடப்பதால்தான் எழுதுகிறேன். சத்தம் பின்னாலிருந்து கேட்பதுபோலத் தோன்றுவது உண்மை. ஷாஃப்ட் வெறும் இரும்புக் குழாய் ஆகையால், ஒரு முனையில் விழும் அடி அதன் நீளம் முழுவதும் ஒலிக்கும். காதை நம்பினால் ஏமாந்துபோவோம். நம்ப வேண்டியது கையை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, நியூட்ரலில் வைத்துவிட்டு அடியில் படுங்கள். ஒரு கையால் ஷாஃப்ட்டையும் மறு கையால் ஆக்சில் பக்கத்தில் கிராஸைப் பிடித்திருக்கும் கவை போன்ற யோக்கையும் பிடித்து, ஈரத்துணியைப் பிழிவதுபோல எதிரெதிர்த் திசையில் முறுக்குங்கள். பிறகு ஷாஃப்ட்டை மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள். கிராஸ் நல்லதாக இருந்தால் இரண்டும் ஒரே துண்டுபோல அசையும். தேய்ந்திருந்தால் நடுவில் ஆட்டம் கையில் தெரியும். கப்பின் ஓரத்தில் செங்கல் தூள் நிறத்தில் துருப்பொடி படிந்திருந்தால் வேறு சோதனையே வேண்டாம். ஷாஃப்ட்டும் யோக்கும் ஆட்டமில்லாமல் ஒன்றாகத் திரும்பி, அதன் பிறகும் அளவுக்கு மீறிய இடைவெளி தெரிந்தால் மட்டுமே கிரவுன் பினியன் இருக்கும் டிஃபரன்ஷியலைப் பற்றிப் பேச வேண்டும்.

கட்டை கொடுக்கச் சொன்னது சம்பிரதாயத்துக்காக அல்ல. பழைய ஜீப்புகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக், சக்கரத்தைப் பிடிப்பதில்லை. முன், பின் ஷாஃப்ட்டுகளுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கத்தில் உள்ள டிரம் வழியாகப் பின் ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கிறது. ஷாஃப்ட்டைக் கழற்றிய மறுகணம் ஹேண்ட் பிரேக் இழுத்திருந்தாலும் வண்டி தன்னிச்சையாக உருளும். அதே காரணத்தால், மேம்பாலச் சரிவில் கிராஸ் முறிந்தால் இழுவையும் போகும், ஹேண்ட் பிரேக்கும் போகும். ஷாஃப்ட்டின் முன்முனை கழன்று சாலையில் குத்தினால் வண்டியின் பின்பக்கத்தையே தூக்கிவிடக்கூடும். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அது நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை இந்தப் பகுதிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கழற்றும்போது செய்ய வேண்டிய முதல் வேலை அடையாளம் வைப்பது. மண்ணெண்ணெயில் கழுவினால் சாக்பீஸ் குறி அழிந்துவிடும். ஆகவே கூர்முனை உளியான சென்டர் பஞ்சால் ஷாஃப்ட்டிலும், அது நீளவும் குறுகவும் இடம் தரும் பல் வைத்த ஸ்லிப் ஜாயின்ட்டிலும், யோக்கிலும் ஒவ்வொரு புள்ளி வைத்துவிட வேண்டும். இதை வீண் வேலை என்று நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கோணத்தில் சுழலும் கிராஸ், விசையைச் சீரான வேகத்தில் கடத்துவதில்லை; ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகமெடுத்து, இரண்டு முறை தளர்கிறது. கோணம் 10 பாகையாக இருந்தால் அந்த ஏற்ற இறக்கம் ஒன்றரை சதவீதம்தான். 30 பாகை ஆனால் ஒரு பக்கம் 13, மறுபக்கம் 15 சதவீதத்தைத் தாண்டிவிடும். இரு முனையிலும் உள்ள ஷாஃப்ட் யோக்குகள் ஒரே நேர்கோட்டில் அமைந்து, இரு முனைக் கோணங்களும் சமமாக இருந்தால், முன்கிராஸ் செய்த கோணலைப் பின்கிராஸ் சரிசெய்துவிடும். ஸ்லிப் ஜாயின்ட்டை ஒரு பல் மாற்றிச் செருகினாலும் புதுக் கிராஸோடு வண்டி நடுங்கும். ஜீப்பின் உயரத்தைக் கூட்டுவதற்காகக் கமான் பட்டையைச் சேசிஸோடு இணைக்கும் தொங்கலை நீட்டிக்கொள்ளும் இளைஞர்கள், அதனால் ஏற்கெனவே குட்டையான பின் ஷாஃப்ட்டின் கோணம் எவ்வளவு கூடுகிறது என்பதை அளந்து பார்ப்பதாகத் தெரியவில்லை.

கப்பை வெளியே வராமல் பிடித்திருக்கும் வளையமான சர்க்ளிப்பை எடுத்த பிறகு கப்பைச் சுத்தியலால் அடித்துத் தள்ளுவதுதான் நம் பட்டறைகளின் வழக்கம். அப்படி அடித்ததில், கப் பொருந்தும் யோக்கின் காது ஒரு நூலிழை வளைந்தாலும் அடுத்த கிராஸ் ஆயுளோடு இருக்காது. இறுக்கிப் பிடிக்கும் வைஸ் ஒன்றும் சாக்கெட் இரண்டும் போதும்: கப்பைவிடச் சிறிய சாக்கெட்டை ஒரு பக்கமும், கப் உள்ளே இறங்கும் அளவுக்குப் பெரிய சாக்கெட்டை மறுபக்கமும் வைத்து இறுக்கினால் கப் நோகாமல் வெளியே வரும். என் கிராஸைக் கழற்றியபோது நான்கு கைகளில் ஒன்றில் ஊசிகளின் தடம் வரிவரியாகப் பதிந்திருந்தது. நகத்தால் கீறினால் ஒவ்வொரு வரியும் தட்டுப்பட்டது. அந்தக் கப்பில் ஊசியே இல்லை, சிவந்த பொடிதான் இருந்தது. கிராஸின் ஊசிகள் முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை, இருந்த இடத்திலேயே முன்னும் பின்னும் அசைகின்றன. கிரீஸில் தண்ணீர் கலந்துவிட்டால் அதே இடத்தையே மீண்டும் மீண்டும் அரித்துவிடும்.

பழைய கிராஸைக் கையோடு எடுத்துப்போய், கப்பின் விட்டத்தையும் முனைக்கு முனை நீளத்தையும் வெர்னியரில் ஒப்பிட்டுப் புதிதே வாங்கினேன். விலை ஆயிரத்தைத் தொடவில்லை. புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகம் எது வேண்டுமானாலும் வாங்கலாம். கிராஸ் மட்டும் கூடாது.

இவ்வளவு தெரிந்த நானே மாட்டும்போது தவறினேன். யோக்கின் துளைகளை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, இரண்டு கப் ஒழுங்காக ஏறிவிட்டது. மூன்றாவது கப் கடைசி ஒரு மில்லிமீட்டருக்கு இறங்க மறுத்தது. சர்க்ளிப் அதன் பள்ளத்தில் உட்காரவில்லை. பொறுமை இழந்து இரண்டு அடி அடித்தேன். கழற்றிப் பார்த்தால், ஓர் ஊசி சரிந்து கப்பின் அடியில் குறுக்கே படுத்திருந்தது. அடித்த அடியில் வளைந்தும் போயிருந்தது. இன்னொரு கிராஸ் வாங்க வேண்டியதாயிற்று. கப் முழுதாக இறங்காவிட்டால் வலிமையைக் கூட்டாமல் கழற்றிப் பார்ப்பதே வழி. கப்புக்குள் கிரீஸைத் தடவி ஊசிகளை ஒட்டவைத்து, கப்பை அழுத்தும்போதே உள்ளிருந்து கிராஸின் கையை அதற்குள் நீட்டிப் பிடித்துக்கொண்டால் ஊசி சரியாது. கிராஸை யோக்கோடு பிடிக்கும் யூ போல்ட்டையும் அளவோடுதான் முடுக்க வேண்டும். மீறினால் கப் நசுங்கிப் பிடித்துக்கொள்ளும். எல்லாம் முடிந்த பின் கிராஸ் நான்கு பக்கமும் விரலுக்கு இணங்கி அசைய வேண்டும்.

கிரீஸ் ஏற்றும் வாயான நிப்பிள், கிரீஸ் கன் எட்டும் பக்கம் பார்த்து இருக்கட்டும். நான்கு கப்பின் ஓரத்திலும் புதுக் கிரீஸ் பிதுங்கும்வரை அடியுங்கள். ஒன்றில் மட்டும் பிதுங்கவில்லை என்றால் அடுத்து போகப்போவது அந்தக் கப்தான். நிப்பிள் இல்லாத மூடிய கிராஸும் விற்கிறது. மழைக்காலந்தோறும் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை தண்ணீரைப் பார்க்கிற நம் பகுதிக்கு அது எனக்குப் பிடிக்கவில்லை. தண்ணீரில் இறங்கிய வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் அன்றைக்கே கிரீஸ் அடித்துவிடுவது நல்லது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் இதைத் தாங்கள் வெளியிட்டால் லோடு வண்டிக்காரர்களுக்கும் உதவும். அவர்கள் வண்டியிலும் இதே கிராஸ்தான்.

கடிதம் எழுதிய அன்பர், வண்டியை எடைக்குப் போடுமுன் ஒரு முறை அடியில் படுத்து அந்த ஷாஃப்ட்டை முறுக்கிப் பார்க்க வேண்டுகிறேன். கிராஸ்தான் என்று தெரிந்தால், பின் ஷாஃப்ட்டை மட்டும் கழற்றிவிட்டு ஃபோர் வீல் போட்டு முன்சக்கர இழுவையிலேயே மெதுவாகத் தண்டையார்பேட்டை வரை வந்துவிடலாம். பின்சக்கரங்களுக்கு ஹேண்ட் பிரேக்கின் பிடி இருக்காது. ஆகையால் கட்டை இரண்டு வண்டியிலேயே இருக்கட்டும். வைஸ் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81.