எத்தனை அடி ஹெட்டுக்கு எவ்வளவு காற்று?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் வீட்டிலேயே சிறிய தச்சுப் பட்டறை அமைப்பது பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. ஓய்வுபெற்றவர்களுக்கு ஏற்ற வேலை என்று அதில் எழுதியிருந்தது உண்மைதான். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவில் 31 வருடம் பாடம் நடத்திவிட்டு வீட்டுக்கு வந்த நான், கோவை கணபதியில் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் ஆறு வருடமாக மரவேலை செய்கிறேன். 10 அடிக்கு 18 அடி இடம். ஒரு டேபிள் சா, ஒரு திக்னஸ் பிளேனர், ஒரு சாண்டர், ஒரு டிரிம்மர். பேத்திக்குத் தொட்டில் செய்தது அங்கேதான். கட்டுரையில் எந்த மெஷின் வாங்கலாம், எத்தனை கிளாம்ப் வேண்டும் என்பதுவரை இருந்தது. அத்தனை மெஷினும் கிளப்புகிற தூசி எங்கே போகும் என்பதற்கு மட்டும் ஒரு வரி இல்லை.

எங்கள் வீட்டில் அது எங்கே போனது என்று சொல்கிறேன். ஷெட்டிலிருந்து பூஜை அறைக்கு வர இரண்டு கதவுகளைத் தாண்ட வேண்டும். ஒரு நாள் சாயங்காலம் விளக்கேற்றப் போன என் மனைவி, "ஏனுங்க, இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். குத்துவிளக்கில் காலையில் ஊற்றிய எண்ணெயின் மேல் பாலாடை மாதிரி மெல்லிசாக ஒரு படலம். விரலில் தொட்டுத் தேய்த்தால் தேக்கு வாசனை. அன்று மதியம் நான் தேக்குப் பலகை இழைத்துச் சாண்டர் போட்டிருந்தேன். அப்போது என்னிடம் டஸ்ட் கலெக்டர், அதாவது தூசியை உறிஞ்சிப் பையில் பிடிக்கிற மெஷின், இல்லாமல் இல்லை. இருந்தது. மதியம் முழுக்க ஓடிக்கொண்டும் இருந்தது.

அது 1 எச்.பி. மெஷின், 18,500 ரூபாய். "650 சி.எஃப்.எம். சார், உங்க ஷெட்டுக்கு இதுவே ஜாஸ்தி" என்றார் கடைக்காரர். அதாவது நிமிடத்துக்கு 650 கன அடி காற்று. பெட்டியிலும் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் வாங்கி வந்துவிட்டேன்.

அந்தக் கேள்வி கோவைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தோட்டத்துக்கு மோட்டார் வாங்கப் போகிற விவசாயி, எச்.பி.யை மட்டும் விசாரித்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. எத்தனை அடி ஹெட்டுக்கு எவ்வளவு தண்ணீர் தள்ளும் என்று கேட்பார். ஹெட் என்றால் தண்ணீரை ஏற்ற வேண்டிய உயரம். தரை மட்டத்தில் திமுதிமுவென்று கொட்டுகிற மோட்டார், 100 அடி மேலே ஏற்றச் சொன்னால் மூச்சு வாங்கும் என்பது அவருக்குத் தெரியும். டஸ்ட் கலெக்டரும் பம்புதான். தண்ணீருக்குப் பதில் காற்று. ஹோஸ், பைப், வளைவு, வடிகட்டுகிற பை எல்லாம் சேர்ந்துதான் அதற்கு ஹெட். அந்த ஹெட்டை அளப்பதும் தண்ணீர் அங்குலக் கணக்கில்தான், அதாவது எத்தனை அங்குல உயரத் தண்ணீரின் அழுத்தம் என்று. பெட்டியின் மேல் போடுகிற சி.எஃப்.எம். பெரும்பாலும் ஹோஸும் பையும் மாட்டாமல் வெறும் ஃபேன் வாயில் எடுத்த அளவு. அதாவது ஹெட் பூஜ்யம்.

காற்றின் வேகத்தை அளக்கிற அனிமோமீட்டர் ஒன்றை வாங்கி அளந்து பார்த்தேன். 4 அங்குல ஹோஸின் வாயில் காற்று விநாடிக்கு 17 மீட்டர் வேகத்தில் போனது. ஹோஸின் பரப்பால் பெருக்கினால் 300 சி.எஃப்.எம். கூட வரவில்லை. சீவல் வழியில் தங்காமல் போக விநாடிக்கு 20 மீட்டர் வேகமாவது வேண்டும். வாரத்துக்கு இரண்டு தடவை ஹோஸ் வளைவில் ஏன் அடைத்துக்கொண்டது என்று அப்போதுதான் புரிந்தது. டேபிள் சாவின் தூசியை ஒழுங்காக இழுக்க 350 முதல் 400 சி.எஃப்.எம். தேவை. பிளேனருக்கு இன்னும் கொஞ்சம் கூட வேண்டும்.

எலக்ட்ரீஷியன் வாத்தியாராக இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். யூடியூபில் நாம் பார்த்துக் கற்றுக்கொள்வது பெரும்பாலும் அமெரிக்கப் பட்டறைகள். அங்கே கரண்ட் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அங்கே நிமிடத்துக்கு 3,450 தடவை சுற்றுகிற டூ போல் வகை மோட்டார் இங்கே 2,850 சுற்றுக்குப் பக்கத்தில்தான் ஓடும். வேகம் 6-ல் 1 பங்கு குறைந்தால் காற்றின் அளவும் அதே பங்கு குறையும். அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இறங்குவதால் அதில் சுமார் 30 சதவீதம் போய்விடும். அதனால் அங்கே ஒருவர் "எனக்கு இது போதும்" என்று காட்டுகிற அதே அளவு இம்பெல்லர் (காற்றை இழுக்கிற சுழல் சக்கரம்) இங்கே போதாது. டேபிள் சாவும் பிளேனரும் வைத்திருக்கிறவர்கள் 12 அங்குல இம்பெல்லர், அதைச் சுழற்ற 2 எச்.பி. என்பதற்குக் கீழே இறங்கக் கூடாது என்பது என் கருத்து.

2 எச்.பி. என்றால் வயரிங்கையும் பார்க்க வேண்டும். சிங்கிள் ஃபேஸில் ஓடும்போது 10 ஆம்பியர் அளவில் இழுக்கும், ஸ்டார்ட் ஆகும்போது அதைப்போல் ஐந்தாறு மடங்கு. சா ஓடுகிற நேரமெல்லாம் கலெக்டரும் ஓடும். இரண்டையும் ஒரே 16 ஆம்பியர் பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு ஓட்டாதீர்கள். மெயின் போர்டிலிருந்து தனி லைன், 4 சதுர மி.மீ. காப்பர் வயர், ஸ்டார்ட் ஆகும்போது இழுப்பதைத் தாங்குகிற சி டைப் எம்.சி.பி. பிரேக்கர், ஒழுங்கான எர்த். இதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

சரி, விளக்கு எண்ணெய்க்கு வருகிறேன். அங்கே படிந்ததற்குப் பெரிய காரணம் பை. என் மெஷினோடு வந்தது 30 மைக்ரான் துணிப்பை. மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான். மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் உள்ளே இறங்குகிற தூசி 10 மைக்ரானுக்குக் கீழே. ஆகவே விளக்குமாற்றால் கூட்டி அள்ளக்கூடிய சீவலை அந்தப் பை பிடித்து வைத்துக்கொண்டது, நுரையீரலுக்குப் போகக்கூடிய பொடியை ஷெட் முழுக்கத் தூவிவிட்டது. அந்தப் பொடி மணிக்கணக்கில் காற்றிலேயே நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. வெயில் சாய்வாக ஜன்னலில் விழும்போது மட்டும் தெரியும். டஸ்ட் கலெக்டர் வாங்கப் போகிறவர்கள் எச்.பி.க்கு முன்னால் பையைப் பற்றிக் கேளுங்கள். 1 மைக்ரான் வரை பிடிக்கிற மடிப்பு வைத்த கார்ட்ரிட்ஜ் ஃபில்டர் கிடைக்கிறது. விலை கூடத்தான். ஆனால் மடிப்புகளால் பரப்பு அதிகமாவதால் காற்றும் தடையில்லாமல் போகும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்த வருடம் எனக்குக் காலையில் எழுந்தால் பத்துப் பதினைந்து தும்மல். ஒரு பக்க மூக்கு எப்போதும் அடைப்பு. காது மூக்கு தொண்டை டாக்டர் என்ன வேலை என்று கேட்டார். ரிட்டயர்டு என்றேன். "வீட்டில என்ன பண்றீங்க?" என்று அவர் அடுத்த கேள்வி கேட்டிருக்காவிட்டால் மாத்திரை எழுதி அனுப்பியிருப்பார். மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் முதல் பிரிவில் வைத்திருக்கிறார்கள் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-ல் அப்படி அறிவித்தது. அதற்கும் முன்னால், 1960-களில், இங்கிலாந்தில் நாற்காலி செய்வதற்குப் பேர்போன ஹை விக்கம் பகுதியில் மூக்கின் உள்ளே வரும் அரிதான ஒரு புற்றுநோய் மரச்சாமான் தொழிலாளர்களுக்கு அதிகமாக வருவதை மருத்துவர்கள் கவனித்து எழுதியிருக்கிறார்கள். அவர்கள் வருடக்கணக்கில் நாள் முழுக்கத் தூசியில் நின்றவர்கள். வாரத்தில் இரண்டு நாள் மரம் அறுக்கிறவருக்கும் அதே அளவு ஆபத்து என்று நான் சொல்லவில்லை. ஆனால் சத்தம் தெருவுக்குப் போகக் கூடாது என்று ஷட்டரை இறக்கிவிட்டு 180 சதுர அடிக்குள் நிற்கிறவர், சுவாசிக்கிற தூசி கொஞ்சம்தான் என்று நினைத்துக்கொள்ளவும் முடியாது. தேக்கும் ஈட்டியும் சிலருக்குத் தோலில் அரிப்பும் மூக்கில் ஒவ்வாமையும் கொடுக்கும். மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையை அறுத்தால் மரத்தூளோடு பசையும் சேர்ந்து மாவாகப் பறக்கும்.

இதில் நம் ஊருக்கு ஒரு சாதகம் உண்டு. குளிர் நாடுகளில் அறையைச் சூடாக்கி வைத்திருப்பார்கள். காற்றை வெளியே தள்ளினால் அந்தச் சூடும் போய்விடும் என்பதால் வடிகட்டி மறுபடியும் உள்ளேயே விடுகிறார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. மெஷினைச் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்துவிடலாம். நான் பின்சுவரில் துளை போட்டு, வெளியே தகர ஷீட் கூரை இறக்கி, 2 எச்.பி. மெஷினை அங்கே வைத்திருக்கிறேன். ஷெட்டுக்குள் சத்தமும் பாதியாகிவிட்டது. அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அக்காவின் துணிக்கொடி இருப்பதால் கார்ட்ரிட்ஜ் ஃபில்டரைக் கழற்றிவிடவில்லை. தோட்டத்து வீடாக இருந்தால் அதுகூடத் தேவைப்படாது.

பைப்புக்கு நான் போட்டது பாத்ரூம் லைனுக்குப் போடுகிற 110 மி.மீ. பி.வி.சி. உள்ளே வழவழப்பாக இருக்கிற பைப்பில் காற்று சுலபமாகப் போகும். சுருள் ஹோஸின் ஒவ்வொரு வளையமும் தடை. அதனால் ஹோஸ் கடைசி ஒரு மீட்டருக்கு மட்டும். 90 டிகிரி எல்போ ஒன்றுக்குப் பதில் 45 டிகிரி இரண்டு. பி.வி.சி.யில் ஸ்டேட்டிக் சேரும், தொட்டால் சுரீர் என்று இழுக்கும். ஒரு வெறும் செம்புக் கம்பியைப் பைப்போடு ஓட்டி எர்த்தில் கொடுத்துவிட்டேன். அப்புறம், வெளியே காற்றைத் தள்ளினால் அதே அளவு காற்று உள்ளே வர வழி வேண்டும். ஷட்டரை ஒரு அடி தூக்கி வைக்கிறேன். இப்போது அதே 4 அங்குல வாயில் விநாடிக்கு 25 மீட்டர், அதாவது சுமார் 430 சி.எஃப்.எம். வருகிறது.

டேபிள் சா, பிளேனர் இல்லாமல் சாண்டரும் ஜிக் சாவும் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவும் வேண்டாம். அந்தச் சின்ன வாய்களுக்குக் காற்றின் அளவைவிட இழுவைதான் முக்கியம். அதற்கு நல்ல ஃபில்டர் போட்ட வேக்யூம் கிளீனர் போதும். நடுவில் 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட்டின் மேல் ஒரு சைக்ளோன் கூம்பை வைத்துவிட்டால் தூள் சுழன்று பக்கெட்டிலேயே விழும், ஃபில்டர் சீக்கிரம் அடைக்காது. பக்கெட் கனமானதாக இருக்கட்டும், ஹோஸ் அடைத்தால் மெல்லிசு பக்கெட் உள்வாங்கி நசுங்கிவிடும்.

எந்த மெஷின் வைத்தாலும் சாண்டர் போடும்போது என்95 மாஸ்க் மூக்கில் இருக்க வேண்டும். இதை நமக்காக மட்டும் சொல்லவில்லை. பக்கத்து அடுக்ககத்தில் இன்டீரியர் வேலை நடந்தபோது போய்ப் பார்த்தேன். மூன்று ஆசாரித் தம்பிகள், ஜன்னல் சாத்திய படுக்கையறையில், கர்ச்சீப்பை மூக்கில் கட்டிக்கொண்டு எம்.டி.எஃப். அறுக்கிறார்கள். வேலை முடிந்ததும் ப்ளோவரால் சட்டையையும் தரையையும் ஊதுகிறார்கள். கீழே உட்கார்ந்த பொடி அத்தனையும் மறுபடியும் மூக்கு உயரத்துக்கு எழும்புகிறது. அவர்களில் சின்னவருக்கு இருபது வயது இருக்கும். வீட்டு வேலைக்கு லட்சக்கணக்கில் எஸ்டிமேட் போடுகிற நாம், ஆளுக்கு நான்கு மாஸ்க்கும் ஒரு வேக்யூம் கிளீனரும் அதில் சேர்த்துக் கொடுக்கலாம். ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லலாம். ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லலாம். மாஸ்க் கொடுத்தபோது அந்தத் தம்பிகள் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். இத்தனை நாள் யாரும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரையின் அடுத்த பகுதியில் தூசிக்கு ஒரு அரைப்பக்கமாவது ஒதுக்குங்கள். ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரையும் பேச வையுங்கள். இன்னொரு வேண்டுகோள், நம் ஊர் மோட்டார், ப்ளோவர் பட்டறைக்காரர்களுக்கு. பம்பின் தகட்டில் ஹெட்டையும் அந்த ஹெட்டுக்கு வரும் தண்ணீரின் அளவையும் அடித்துக் கொடுக்கிற ஊர் இது. 12 அங்குல இம்பெல்லர், 50 ஹெர்ட்ஸில் எத்தனை தண்ணீர் அங்குல அழுத்தத்துக்கு எவ்வளவு காற்று என்ற கணக்கு, ஃபில்டர் எத்தனை மைக்ரான் என்பது, இவை மூன்றையும் தகட்டில் அடித்து, வீட்டு ஷெட்டுக்கு ஏற்ற டஸ்ட் கலெக்டர் ஒன்றைச் செய்து தாருங்கள். என்னுடைய அனிமோமீட்டரைக் கொண்டுவந்து அளந்து கொடுக்கவும், முதல் மெஷினுக்கு முன்பணம் கட்டவும் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஐ.டி.ஐ. பயிற்றுநர்,
கணபதி, கோவை.